வழிச்செலவு

காரியாபட்டி வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்பர். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல் உண்டு. பாதி நிரம்பினால் பருத்தியும் மிளகாயும் உண்டு. அதுவும் பொய்த்தால் பேருந்து உண்டு. மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே ஓடும் அந்தப் பேருந்துகளில் ஏறித்தான் எம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பைத் தேடிச் சென்றிருக்கின்றனர். விதைத்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள வயோதிகர் இருப்பர். வெட்டி மூட்டம் போடுவதற்குச் சீமைக் கருவேலம் இருக்கும். இளைஞர் மட்டும் இருக்கமாட்டார்.

புறப்படுமுன் பங்குத்தந்தையிடம் ஆசீர் பெற்றுச் செல்லும் வழக்கம் இன்னும் இங்கே உண்டு. அவ்வாறு வருவோரிடம், "சம்பளம் என்ன?" என்று கேட்டால் உடனே விடை வருகிறது. "போகிற செலவு யாருடையது?" என்று கேட்டால் விடை வருவதில்லை. ஒரு சிறு புன்னகைதான் வருகிறது. கூலியைப் பேரம் பேச நம்மவர் கூசுவதில்லை. இரயில் கட்டணத்தைக் கேட்பதற்கோ பெரிதும் கூசுகின்றனர். வேலை தருகிறவர் நம்மை அற்பன் என்று நினைத்துவிடுவாரோ என்னும் அச்சம் அது. ஆனால், முதல் நாள் கூலி கைக்கு வருவதற்கு முன்பே கையை விட்டுப் போவது இந்த வழிச்செலவுதான். குறித்த காலத்துக்கு முன்பே வேலை நின்றுவிட்டால், திரும்பி வராமற் போவதும் அதுதான்.

இதில் கூசுவதற்கு ஏதுமில்லை என்பதைத் திருவிவிலியத்தில் தோபித்து நூலை வாசித்தோர் அறிவர். பார்வை இழந்த தோபித்து, தொலைவிலுள்ள மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பணத்தைப் பெற்றுவரத் தம் மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணைக்கு ஓர் ஆளை அமர்த்துகிறார். வந்தவர் வானதூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்று பேசுகிறார். அத்துடன் மகனுக்கு ஆவது போலவே வழித்துணைவருக்கும் ஆகும் செலவைத் தாமே தருவதாகவும், நலமாகத் திரும்பினால் கூலிக்கு மேலும் சேர்த்துக் கொடுப்பதாகவும் சொல்கிறார். கூலி வேறு, வழிச்செலவு வேறு, வெகுமானம் வேறு. மூன்றும் தனித்தனியே, புறப்படுமுன்பே, வாய்விட்டுப் பேசப்பட்டன. வானதூதரும் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை! குருமடத்தில் இந்நூலைப் பயின்ற நாட்களில் மீனும் பித்தநீரும் எம் கவனத்தைக் கவர்ந்த அளவுக்கு இந்த உடன்படிக்கை கவரவில்லை. பங்குப்பணிக்கு வந்த பின்னரே இதன் அருமை விளங்கிற்று.

நம் முன்னோர் கடல் கடந்து சென்ற வரலாற்றிலும் இந்த வழிச்செலவே மையப் பொருள். மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் ஏராளம். அழைத்துச் சென்ற கங்காணி வழியில் கொடுத்த சோறு, துணி, கட்டணம் ஆகிய யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டிலுள்ள தொகையை அடைத்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக இயலாது. 1921-ல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை கொடுப்பவன் தாங்கவேண்டிய செலவை வேலை செய்பவன் தலையில் ஏற்றியதால், பயணமே விலங்காக மாறிற்று.

மலாயாவில் வேறொரு வழி கண்டனர். 1907-ல் அங்கே ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை அமர்த்திய தோட்டத்தார் அனைவரும் அதற்குப் பணம் செலுத்தவேண்டும். கப்பற் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்படும். ஆகவே அந்நிதியின் வழியே சென்றவர் பயணக்கடன் இன்றிக் கரையிறங்கினர். 1922-ம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள் மேலும் ஒரு படி சென்றன. வந்து ஓராண்டுக்குள் உடல்நலக் குறைவாலோ, வேலை தன் சக்திக்கு ஏற்றதாக இல்லாமையாலோ, முதலாளி அநீதியாக நடத்தியதாலோ ஒருவர் ஊர் திரும்ப விரும்பினால், அவரைச் செலவின்றித் திருப்பி அனுப்ப அவ்விதிகள் இடந்தந்தன. முதலாளிகளின் ஆட்சி நடந்த காலத்திலேயே, வேலை முன்னதாக முடிந்தால் திரும்பும் வழிக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கேட்கப்பட்டு, அதற்கு ஒரு விடையும் எழுதப்பட்டுவிட்டது என்பது சிந்திக்கத்தக்கது. நடைமுறையில் அவ்விடை எத்தனை பேருக்குக் கிட்டியது என்பது வேறு செய்தி.

இன்று புறப்படுவோரின் நிலை மாறியிருக்கிறது. கங்காணியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. கமுதி அருகே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அதைக் கண்டபின் எம் பங்கின் இளைஞர் சிலர் அத்தொழிலைக் கற்று, இன்று இராஜஸ்தான், குஜராத் என்று சென்று வருகின்றனர். எந்த நிறுவனத்திலும் நிலையான பணியாளராகச் சேராமல், தாமே தொலைபேசியில் பேசி, மாதக்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொண்டு போகிறவர்கள் இவர்கள். வண்ணம் தீட்டுவோர், படம் பிடிப்போர், கணினி வரைபடம் போடுவோர் ஆகியோரிலும் இத்தகையோர் பெருகி வருகின்றனர். சுதந்தரமான தொழில்தான். ஆனால், அந்தச் சுதந்தரத்தின் விலையை அவர்கள் உணர்வது வேலை பாதியில் நிற்கும்போதுதான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, போன பிள்ளை வந்திட்டான், போன காசு வரலை" என்றார். மகன் பின்னால் தலைகுனிந்து நின்றான். இருபத்தொன்பது வயது, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றவன். மாதம் 26,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு என்று ஜோத்பூர்ப் பக்கம் ஒரு சூரிய மின் பணிக்கு அழைக்கப்பட்டுப் போயிருந்தான். இருபத்துமூன்றாம் நாள் மாலையில், வேலை கைமாறிவிட்டது, நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டனர். இருபத்துமூன்று நாட்களுக்குரிய 19,933 ரூபாயைக் குறைவின்றிக் கொடுத்துவிட்டனர். அதில் அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால், அவன் போவதற்காகத் தாயின் காதணி அடகில் இருந்தது.

அவன் ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்திருந்தான். போகும் கட்டணம் 1,620. அறைக்கு முன்பணம் 5,000. அவர்கள் கேட்ட மருத்துவச் சான்று 600. காப்புக் காலணியும் தலைக்கவசமும் 2,300. திரும்பி வந்த கட்டணம் 1,780. ஆக 11,300 ரூபாய். இருவழிக்குமாக ஐந்து நாட்கள் இரயிலில் கழிந்தன; அந்நாட்களுக்குக் கூலி இல்லை.

அருப்புக்கோட்டையில் வழக்கறிஞராக இருக்கும் எம் பங்கு அன்பர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். அவர் முதலில் செய்தது எமக்கு வியப்பாக இருந்தது. எழுதுகோலை எடுத்துக் கணக்கைக் குறைக்கத் தொடங்கினார்! "காலணி இப்போது உன் காலில்தானே இருக்கிறது, தம்பி? அடுத்த வேலைக்கும் அது உதவும். அதை அடித்துவிடு." பின்னர், அறை உரிமையாளரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டானா என்றார். கேட்கவில்லை. அங்கிருந்தே தொலைபேசியில் பேசவைத்தார். 3,000 ரூபாய் தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இரு நாளில் அனுப்பியும் வைத்தார். 11,300 என்பது 6,000 ஆயிற்று. இழப்பைக் கேட்பவன், அந்த இழப்பைக் குறைக்கத் தன்னாலானதைச் செய்திருக்கவேண்டும் என்பது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவின் விளக்கவுரையில் அடங்கிய கருத்தாம். நேர்மையான கணக்குக்கே கடிதத்தில் வலிமை உண்டு என்றும் அவர் சொன்னார்.

அந்த 73-ம் பிரிவை நாமும் ஓரளவு அறிந்திருப்பது நன்று. ஒப்பந்தத்தை மீறியவர், அம்மீறலின் இயல்பான விளைவாக எழும் இழப்புக்கும், அவ்வாறு இழப்பு நேரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இருவரும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு செய்யவேண்டும் என்பது அதன் சாரம். காரியாபட்டியிலிருந்து ஆளை அழைப்பவருக்கு, அவர் இரயில் ஏறித்தான் வரவேண்டும் என்பது தெரியாதா? ஆகவே, காரணமின்றி ஒப்பந்தம் முறிக்கப்பட்டால், வீணான வழிச்செலவைக் கேட்க வழியுண்டு. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும், மெய்ப்பிப்பதுதான் கடினம். வாட்ஸப் செய்திகளையும் நீதிமன்றம் உரிய சான்றிதழுடன் ஏற்கும் என்பதால் அவற்றை அழித்துவிடலாகாது. கேட்பதற்கு மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு.

ஆயினும் ஓர் எல்லை இருக்கிறது. மிஞ்சிய மாதங்களின் வருவாயையும் கேட்டு, வழிச்செலவையும் கேட்கலாகாது. ஆறு மாதமும் வேலை நடந்திருந்தால், அந்தக் கட்டணத்தை அவன் தன் வருவாயிலிருந்துதானே கொடுத்திருப்பான்? ஆதலின், வரவிருந்த இலாபத்தைக் கேட்கலாம்; அல்லது வீணான செலவைக் கேட்கலாம். இங்கிலாந்தில் ஆங்கிலியா தொலைக்காட்சி நிறுவனம் 1968-ல் ஒரு படத்துக்கு இராபர்ட் ரீட் என்ற அமெரிக்க நடிகரை ஒப்பந்தம் செய்தது. அவர் பின்வாங்கவே, படம் கைவிடப்பட்டது. வந்திருக்கக்கூடிய இலாபம் எவ்வளவு என்று சொல்ல யாராலும் இயலாது. எனவே அந்நிறுவனம் இலாபத்தை விட்டுவிட்டு, செலவழிந்த 2,750 பவுனை மட்டும் கேட்டது. நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. இலாபத்தை மெய்ப்பிக்க இயலாத எளியவனுக்கு, பயணச்சீட்டை மெய்ப்பிப்பது எளிது.

புறப்படுமுன்பே வேலை நின்றுபோனால்? அதற்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. அதுவும் பயணத்தைப் பற்றியதே. 1852 ஏப்ரலில் தெலாத்தூர் என்ற கனவான், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் தமக்கு வழித்துணையாக வரும்படி ஹாக்ஸ்டர் என்பவரை அமர்த்தினார். ஜூன் 1-ல் புறப்படவேண்டும். மே மாதத்திலேயே, வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஹாக்ஸ்டர் ஜூன் பிறக்கும்வரை காத்திருக்காமல் மே மாதத்திலேயே வழக்குத் தொடுத்தார். குறித்த நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று 1853-ல் தீர்ப்பாயிற்று. வேலை வேண்டாம் என்று செய்தி வந்தவுடன் பயணச்சீட்டை இரத்துச் செய்து, கழித்தது போகக் கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு, எஞ்சிய நட்டத்தை அன்றே எழுதிக் கேட்பது நம் இளைஞருக்கு ஏற்ற முறை.

இவற்றையெல்லாம் கேட்டு எம் பிள்ளையின் முகம் மலர்ந்திருந்த வேளையில், வழக்கறிஞர் ஒப்பந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். இரு தரப்பில் எவரும் ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அங்கே எழுதியிருந்தது. அவன் அதை வாசித்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்தது, அவனைத் தொழிலாளி என்று குறிப்பிடாமல் ஆலோசகர் என்று குறித்திருந்ததில் சற்றுப் பெருமையும் கொண்டு கையெழுத்திட்டுவிட்டான்.

இந்த ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. முடித்துக்கொள்ள உரிமை உண்டு என்று இருவரும் ஒப்புக்கொண்டபின், முடிப்பது மீறல் ஆகாது. மீறல் இல்லையேல் 73-ம் பிரிவுக்கு அங்கே வேலை இல்லை. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸில் ஓர் எரிவாயு விநியோகஸ்தருக்கும் நடந்த வழக்கில் 1990-ல் உச்சநீதிமன்றம் இதையே சொன்னது. முப்பது நாள் அறிவிப்பில் முடிக்கத்தக்க ஒப்பந்தம் அது. ஆகவே அந்த முப்பது நாளுக்குரிய இழப்பீடே கிடைக்கும் என்றது. நம் பிள்ளைகள் கையெழுத்திடும் தாள்களில் பெரும்பாலானவற்றில் இத்தகைய வரி ஒன்று இருக்கிறது. வழிச்செலவைப் பற்றிய வரிதான் இருப்பதில்லை.

அவ்வாறாயின் ஒன்றும் கிடைக்காதா என்று தாய் கேட்டார். "அம்மா, அவர்களே எழுதிய ஏழு நாளை அவர்களே கொடுக்கவில்லையே" என்றார் வழக்கறிஞர். மாலையில் சொல்லி மறுநாளே நிறுத்திவிட்டனர் அல்லவா? ஏழு நாளுக்கு 6,066 ரூபாய் அவனுக்கு வரவேண்டியது. வழிச்செலவைத் தேடிப் போன இடத்தில் அறிவிப்புக்கால ஊதியம் அகப்பட்டது.

அன்றிரவே கடிதம் எழுதினோம். வசைச்சொல் ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள், நின்ற நாள், ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி, எவ்வளவு தொகை, பதினைந்து நாள் தவணை, அவ்வளவே. உரிமையாகக் கேட்பது 6,066 என்றும், ஒப்பந்தத்தில் சொல்லப்படாவிடினும் நியாயம் கருதித் தரவேண்டுவது 6,000 என்றும் இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார் வழக்கறிஞர். இரண்டையும் குழப்பினால் இரண்டையும் மறுப்பார்களாம். பயணச்சீட்டுகளின் படிகளை இணைத்து, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து 6,066 ரூபாயும், திரும்பி வந்த கட்டணமான 1,780 ரூபாயும் அவன் கணக்கில் ஏறின. போன கட்டணமும் அறை முன்பணத்தின் மீதியும் மருத்துவச் சான்றுச் செலவும் வரவில்லை. வழக்குத் தொடுக்கலாமா என்று யோசித்தோம். எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ, வழக்குக்குரிய காரணம் எழுந்த ஊரிலோதான் வழக்கு நடக்கும். வழிச்செலவை மீட்க மறுபடியும் வழிச்செலவு செய்து ஜோத்பூர் போகவேண்டும்! விட்டுவிட்டோம்.

எதிர்தரப்பு நம் மாவட்டத்திலேயே இருந்தால் கதை வேறு. வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குப் பதியுமுன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க முயல்வர். நீதிமன்றக் கட்டணம் இல்லை. பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும், தொழிற்சாலைத் தொழிலாளரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். தனித்தொழில் செய்வோர், வேலைக்குப் போகுமுன் 'உத்யம்' பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்வதும் நலம். செய்த வேலைக்கும் ஒப்புக்கொண்ட செலவுக்கும் உரிய பணம் 45 நாளுக்கு மேல் தாமதமானால், வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டியுடன் கேட்க 2006-ம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம் வழி செய்கிறது.

கூலித்தொழிலாளரின் நிலை இவர்களுடையதினின்று சற்று வேறானது. ஒரிசாவிலிருந்து பொய் வாக்குறுதிகளால் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளரின் துயரம் 1979-ல் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. ஒப்பந்தக்காரர் அழைத்துச் செல்லும் தொழிலாளருக்குப் போகவும் வரவும் ஆகும் கட்டணத்தை அச்சட்டம் உறுதி செய்தது. பயண நாட்களையும் வேலை நாட்களாகக் கருதிக் கூலி தரச் சொன்னது. ஊரை விட்டுப் பெயர்வதற்கென்றே மாத ஊதியத்தில் பாதி, அல்லது 75 ரூபாய், இவற்றில் எது மிகுதியோ அதைத் திருப்பிக் கேளாத் தொகையாகக் கொடுக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மாதம் 18,000 ரூபாய்க்கு மிகாமல் பெறும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு, அத்தகையோர் பத்துப் பேரேனும் உள்ள இடங்களில், ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்றுவரும் கட்டணத்தை அது தருகிறது. தாமாகவே வேலை தேடி வந்தோரையும் சேர்த்துக்கொண்டது நன்றே. பெயர்வுப்படி கைவிடப்பட்டது எமக்கு வருத்தமே. எம் பிள்ளையைப் போன்ற 'ஆலோசகர்' எவருக்கும் அந்தச் சட்டமும் இல்லை, இந்தச் சட்டமும் இல்லை.

வளைகுடா செல்வோருக்கு ஒரு செய்தி. குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளர் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டில், தம் குற்றமின்றி வேலை முன்னதாக முடிக்கப்பட்டால் ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தைப் பெற இடமுண்டு. இந்தியத் தூதரகத்தின் சான்றும் மூலப் பயணச்சீட்டும் வேண்டும். விபத்து நேர்ந்தால் பணம் என்பதை அறிந்தோர்கூட இதை அறியார். பயணச்சீட்டைக் கசக்கி எறியவேண்டாம் என்று மனைவிமார் சொல்லி அனுப்புக.

எவர் குற்றமும் இன்றி வேலை நின்றுவிடுவதும் உண்டு. 2020 மார்ச் 25-ல் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது நடந்ததை நாம் மறக்கவில்லை. மே 1 முதல் தொழிலாளருக்குத் தனி இரயில்கள் விடப்பட்டன. கட்டணம் யார் தருவது என்று நடுவண் அரசும் மாநில அரசுகளும் வாதிட்டுக்கொண்டிருக்க, கையில் காசற்றோர் பலர் தாமே கொடுத்து ஏறினர். மே 28-ல்தான் தொழிலாளரிடம் இரயில் கட்டணமோ பேருந்துக் கட்டணமோ வாங்கலாகாது என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ம் பிரிவின்படி, நிறைவேற்ற இயலாமற் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 65-ம் பிரிவு சொல்லும். செலவழித்துவிட்ட வழிச்செலவைப் பற்றி அங்கே தனியே ஒரு சொல்லும் இல்லை. இங்கிலாந்தில் 1943-ல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து, செலவையும் கணக்கில் கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தனர்.

அந்த ஆண்டு எம் பங்குத் திருவிழாவும் நின்றது. வெளிமாவட்டத்து இசைக்குழு ஒன்றை முன்பே பேசி, முன்பணமும் கொடுத்திருந்தோம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்றனர் பங்குப் பேரவையில் சிலர்; சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது. அக்குழுவினரோ அந்தப் பணத்தை வாகனத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தனர். பேரவையில் மூத்தவர் ஒருவர், சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியனை நினைவூட்டினார். இரண்டு தெனாரியத்தை முன்பணமாகக் கொடுத்ததோடு, மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சத்திரக்காரனிடம் சொன்னவன் அன்றோ அவன்? முன்பணத்தை விட்டுக்கொடுப்பது என்று அன்று முடிவாயிற்று. ஒப்பந்தங்களில் நாட்டுச் சட்டத்தையே பின்பற்றவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1290-ம் எண்ணில் சொல்கிறது உண்மையே. சட்டம் கேட்பதற்கு மேல் கொடுப்பதை அது தடுக்கவில்லை. கோயிலுக்கு வண்ணம் தீட்டுவோர், ஒலி ஒளி அமைப்போர், நாடகக் கலைஞர், தியானப் போதகர் என்று நம் பங்குகள் ஆண்டுதோறும் எத்தனையோ பேரை வெளியூரிலிருந்து அழைக்கின்றன. அவர்களுடைய வழிச்செலவைத் தனியே எழுதிக் கொடுக்கும் பங்குகள் எத்தனை என்று அவரவர் கணக்கேட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

எம் பங்கில் இப்போது, வெளியூர் வேலைக்குச் செல்வோருக்கென ஒரு பத்தியை அச்சிட்டு வைத்திருக்கிறோம். வழக்கறிஞர் அன்பர் எழுதித் தந்தது: வேலைக்கு வரவும், வேலை முடிந்து ஊர் திரும்பவும் ஆகும் இரயில் அல்லது பேருந்துக் கட்டணத்தை வேலை கொடுப்பவர் தருவார், வருவதற்கான கட்டணம் புறப்படுமுன் தரப்படும், என் தவறு இன்றி எக்காரணத்தால் வேலை முன்னதாக நின்றாலும், திரும்பும் கட்டணத்தையும், இவ்வேலைக்கென்று செய்து திருப்பிப் பெற இயலாமற் போன, சீட்டுள்ள செலவையும் ஏழு நாளுக்குள் தருவார், பயண நாட்களுக்கு அரைக்கூலி உண்டு.

எல்லாரும் ஒப்புக்கொள்கின்றனர் என்று சொல்லமாட்டேன். அரைக்கூலியை அடித்துவிடுகின்றனர், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. எம் பிள்ளை தை மாதத்தில் குஜராத்துக்குப் புறப்பட்டபோது, போகும் பயணச்சீட்டை நிறுவனமே எடுத்து அவன் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தது. காதணியை மிளகாய் விற்ற பணத்தில் மீட்டதாகத் தாய் சொன்னார்.

அந்தப் பத்தி ஆங்கிலத்திலும் இந்தியிலும் உண்டு. ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்தில் பெற்றுக்கொள்ளலாம். அயல் பங்கினரும் வரலாம். ஒப்பந்தத் தாளையும் கையோடு கொண்டு வருக. கையெழுத்து இடுமுன் கொண்டு வருவது நன்று.